அளவெடுத்துத் தைத்த அறை

அவளுக்குச் சுண்டு என்று பெயர் வைத்தது அவளுடைய அண்ணன்தான். "சுண்டுவிரல் ஒசரத்துக்கு எனக்கு ஒரு தங்கச்சி" என்று சின்ன வயதில் கேலி செய்தான், பெயர் ஒட்டிக்கொண்டது. ஐம்பதைத் தாண்டிய பிறகும் தெருவுக்கு அவள் சுண்டக்கா, அண்ணன் மகனுக்குச் சுண்டத்தை. தையல்காரி. தெருமுனையில் சின்னதாக ஒரு கடை, வீட்டிலும் ஒரு மெஷின். கழுத்தில் எந்நேரமும் அளவு நாடா தொங்கும். மற்ற தையல்காரிகளுக்கு அது தொடையோடு நின்றுவிடும். இவளுக்கு முழங்காலைத் தொடும். உயரம் அவ்வளவுதான். "ஆனா அவ வாயை அளக்க அந்த நாடா பத்தாது" என்பாள் அண்ணி.

வீடு அவர்களுடைய அப்பா கட்டியது. ஓட்டுக்கூரை. கீழே கூடம், சமையலறை, அறைகள். கூரைக்கும் அறைகளின் மேல்பலகைக்கும் நடுவில் நீளமாக ஒரு பரண். காலிப் பெட்டிகள், இறக்கை போன மின்விசிறி, யாரும் தூக்கிப்போட மனசு வராத கட்டில் கால்கள், எல்லாம் அங்கேதான் குடியிருந்தன.

சுண்டு கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, கடைசியில் அதுவே அவளைத் தள்ளிவிட்டுப் போய்விட்டது. அவள் அதற்காக அழவில்லை. அவள் கவலையெல்லாம் வேறு. அந்த வீட்டில் அவள் எந்த அறையைச் சீர்படுத்தினாலும், சீர்படுத்திய கையோடு அது இன்னொருவருக்குத் தேவைப்பட்டுவிடும்.

முதலில் வாசல் பக்கத்து அறை. ஜன்னலுக்குத் திரை தைத்து மாட்டினாள்; அண்ணனுக்குக் கல்யாணம் ஆயிற்று, அறை போயிற்று. சாமான் போட்டு வைத்திருந்த பின்னறைக்குப் போனாள். சுண்ணாம்பு அடித்து, அலமாரி வைத்து, அதை ஓர் அறையாக்கினாள். அண்ணன் மகன் வளர்ந்தான், படிக்க வெளிச்சம் வேண்டும் என்றார்கள், அறை போயிற்று. சமையலறையை ஒட்டிய சின்ன அறையில் சுவரெல்லாம் ஈரம். அதையும் சுரண்டி, பூசி, நீலச்சாயம் அடித்தாள். நீங்களே சொல்லுங்கள் கண்ணுகளே, அடுத்து என்ன நடந்திருக்கும்?

அண்ணன் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. நல்ல பிள்ளைதான் அவன். எந்த வாசலிலும் குனிந்துதான் நுழைவான், அவ்வளவு உயரம். வீட்டில் அவனுக்குப் பெயர் நெட்டை.

"பொண்ணு வீட்ல கேக்கறாங்க, அறையோட சேந்தாப்ல குளியலறை வேணுமாம்" என்றார் அண்ணன், செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து. "பின்னறைக்குப் பக்கத்துல உன் அறைதான் இருக்கு."

"ஓ."

"உன்னை வெளிய போன்னு சொல்லலம்மா. பக்கத்துத் தெருவுல பெண்கள் விடுதி ஒண்ணு இருக்கு. சாப்பாடும் போடறாங்க. மாசாமாசம் நானே கட்டிடறேன்."

"அங்க பரண் இருக்காண்ணா?"

செய்தித்தாள் இறங்கியது. "பரணா? எதுக்கு?"

"நம்ம வீட்ல இருக்கே. நான் அங்க போறேன்."

அண்ணி சிரித்தாள். நெட்டையும் சிரித்தான். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. தங்கையின் முகத்தை அவருக்குத் தெரியும்.

"பல்லி கூட அங்க படுக்காதுடி" என்றாள் அண்ணி.

"அப்ப எனக்குத் தொந்தரவு இல்ல. தனியா இருப்பேன்."

"வெயில் காலத்துல வெந்து போயிடுவே!"

"வேகறதுக்கு நான் என்ன கத்திரிக்காயா? வழி பண்ணிக்கறேன். என் காசு, எங்கப்பா கூரை. உங்களுக்கென்ன?"

மறுநாள் பரணைக் காலி செய்தாள். மேஸ்திரிக்குச் சொல்லிவிட்டாள். அவர் வருவதற்குள் அவள் ஒரு காரியம் செய்திருந்தாள். எந்தத் துணியையும் வெட்டுவதற்கு முன்னால் பழைய துணியில் ஒன்று தைத்து, ஆளுக்குப் போட்டுப் பார்ப்பது அவள் வழக்கம். அறைக்கும் அதையே செய்தாள். பழைய படுக்கை விரிப்புகளைக் கூரைச் சட்டங்களில் ஊக்கு குத்தித் தொங்கவிட்டுச் சுவராக்கினாள். கட்டில் வரும் இடத்தில் பாயை விரித்தாள். சாக்கட்டியால் கோடு கிழித்து, மெஷின் வரும் இடத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, இல்லாத மெஷினைக் காலால் மிதித்துப் பார்த்தாள். மேஸ்திரி தலையை நீட்டியபோது அவள் அப்படித்தான் மிதித்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, நாடகம் போடறீங்களா?"

"போட்டுப் பாக்கறேன் மேஸ்திரி. அப்பறம் வெட்டினா பிரிக்க வேணாம் பாருங்க."

மேஸ்திரி சத்தமாகப் பேசுகிறவர். கெட்ட செய்தி சொல்லும்போது மட்டும் குரல் தாழ்ந்துவிடும். தவழ்ந்து தவழ்ந்து பரணைச் சுற்றி வந்தார், சுத்தியலால் மரத்தைத் தட்டினார். பிறகு தாழ்ந்த குரலில் ஆரம்பித்தார்.

"அக்கா, இந்த விட்டமெல்லாம் பெட்டி சுமக்கறதுக்குப் போட்டது. மனுஷி நடமாடறதுக்கு இல்ல. ஒவ்வொரு விட்டத்துக்கும் பக்கத்துலயே புதுசா ஒண்ணு கொடுத்து, அது மேல பலகை அடிக்கணும். மெஷின் மேல வருமா?"

"வராம? நான் எங்கயோ, மெஷின் அங்க."

"அப்ப அந்த எடத்துல கனமான மரமா போடணும். நீங்க மிதிக்கற மிதியில கீழ கூடத்து விளக்கு ஆடும்." தொகையைச் சொன்னார். சுண்டு மறுபடி முக்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள்.

"இது தரைக்கு மட்டும்தாங்க்கா" என்றார் இன்னும் தாழ்ந்த குரலில்.

"மிச்சத்தையும் சொல்லிடுங்க. உக்காந்துட்டேன்ல."

சொன்னார். ஓட்டுக்கு அடியில் வெப்பத்தைத் தடுக்கும் பலகை பதிக்க வேண்டும். ஓட்டோடு ஒட்டவிடாமல், நடுவில் காற்று ஓட இடம் விட்டுப் பதிக்க வேண்டும், இல்லையென்றால் மரம் புழுங்கி உளுத்துவிடும். ஒயரிங் புதிதாக இழுக்க வேண்டும். ஜன்னல் வேண்டும்; காற்றுக்கு மட்டுமல்ல, கீழே தீப்பிடித்தால் ஆள் வெளியே வருகிற அளவுக்கு வேண்டும். படிக்கட்டு வேண்டும்.

"ஜன்னலைப் பெருசாவே வைங்க. அதுல கஞ்சத்தனம் வேணாம்" என்றாள் சுண்டு. "அப்பறம்?"

"அப்பறம்தான் பெரிய விஷயம். தலை." அவர் முகட்டைக் காட்டினார். இரண்டு பக்கச் சரிவும் சேரும் இடத்தில் பெரிய உத்தரம் ஒன்று நீளமாக ஓடியது. "நடுவுல மட்டும்தான் ஒசரம். புதுத் தரை போட்டா ஒரு சாண் மேல வந்துடும். அப்ப ஒசரம் இன்னும் கொறையும். கூரையையே தூக்கலாம், அந்தக் காசுக்கு இன்னொரு வீடு பாதி கட்டிடலாம், அது வேணாம். வேற ஒரு வழி இருக்கு. கீழ் அறைங்களோட மேல்பலகையைப் பிரிச்சு ஒரு சாண் எறக்கிட்டா, மேல ஒரு சாண் கெடைக்கும். கொஞ்சம் செலவு கூடும், கீழ தூசி பறக்கும். ஆனா ஓரளவு ஒசரமான ஆளும் நிமிந்து நிக்கலாம்."

சுண்டு எழுந்தாள். "புதுத் தரை எந்த மட்டத்துல வரும்? காட்டுங்க."

அவர் செங்கல்லை அடுக்கி, மேலே ஒரு பலகையை வைத்தார். அவள் அதில் ஏறி உத்தரத்துக்கு நேர் கீழே நிமிர்ந்து நின்றாள். உச்சந்தலைக்கும் உத்தரத்துக்கும் நடுவில் விரலை நுழைத்துப் பார்த்தாள். நாலு விரல் நுழைந்தது.

"போதும். கீழ எதையும் பிரிக்க வேணாம்."

"காசுக்குப் பாக்கறீங்களாக்கா? மொத்தத்துல பாத்தா அது பெரிய தொகை இல்ல. எல்லாருக்கும் ஆகற மாதிரி..."

"எல்லாரும்னா யாரு?"

மேஸ்திரி காதிலிருந்த பென்சிலைக் கையில் எடுத்தார்.

"நான் நின்னா போதும் மேஸ்திரி. எனக்கு அளவெடுங்க."

காசு சும்மா வந்துவிடவில்லை. மிதித்து மிதித்துக் கால் ஓய்ந்ததால் மோட்டார் வைத்த மெஷின் வாங்கச் சேர்த்து வைத்திருந்தாள். அது தரைக்குப் போயிற்று. ஒரு பள்ளிக்கூடத்துச் சீருடை மொத்தத்தையும் ஒற்றை ஆளாக ஒப்புக்கொண்டு தைத்தாள். கடை முழுக்கச் சாம்பல் நிறக் கால்சட்டைகள் குவிந்தன. வாடிக்கைக்காரிகள் ரவிக்கை கேட்டு வந்தால், "அடுத்த மாசம் வா தாயி, இப்ப ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் என் மடியிலதான் இருக்கு" என்று திருப்பி அனுப்பினாள்.

படிக்கட்டில்தான் சண்டை வந்தது.

அண்ணன் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். "வெளிப்பக்கம் இரும்புப் படி வெச்சுடலாம். செலவும் கம்மி, கூடத்துலயும் எடம் போகாது."

"வேணாம்ணா. உள்ள இருந்துதான் ஏறணும்."

"ஏன்டி அடம் பிடிக்கறே?"

"வெளிப்படி வெச்சா நான் வாடகைக்கு இருக்கறவ. மழை பெஞ்சா வாசலைச் சுத்தி வந்து, உங்க கதவைத் தட்டிட்டு நிக்கணும். நம்ம வீட்டுக்குள்ள நானே விருந்தாளியா வர்றதா?"

"உள்ள எங்க எடம் இருக்கு? காட்டு!"

அவள் காட்டினாள். கூடத்து மூலையில் அண்ணனின் கண்ணாடி அலமாரி நின்றது. அலுவலகத்து விளையாட்டுப் போட்டிகளில் வாங்கிய கோப்பைகள் அதற்குள் வரிசையாக இருந்தன. பாதிக்கு மேல் இரண்டாம் பரிசு.

"அதுவா? அது எப்படி நகரும்?"

"நான் நகரலையா? ஒரு தடவையா, ரெண்டு தடவையா? அது ஒரே ஒரு தடவை நகரட்டும்."

அண்ணன் போய் அலமாரிக்கு முன்னால் நின்றுகொண்டார். அண்ணிதான், "விடுங்க, தூசு தொடைக்கற வேலையாவது மிச்சம்" என்று அலமாரியின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். அந்த மூலையில் செங்குத்தாக, குறுகலாக, பிடித்து ஏறக் கைப்பிடியோடு ஒரு மரப்படி வந்தது. படியின் ஒவ்வொரு கட்டையும் சுண்டுவின் காலுக்கு அளவெடுத்தது.

கல்யாணத்துக்கு முன்பே அறை முடிந்துவிட்டது. சரிவு தாழும் இரண்டு ஓரத்திலும் இழுப்பறைகள். ஒரு பக்கம் கட்டில். ஜன்னலடியில் மெஷின். ஜன்னலைத் திறந்தால் தெருவின் அத்தனை கூரைகளும், அவற்றுக்கு மேலே நிறைய வானமும். காற்று வந்து விரிப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் போகும். கீழே அவளுடைய நீல அறை உடைந்து குளியலறையாயிற்று. அன்று மட்டும் அவள் கடையிலிருந்து தாமதமாக வந்தாள்.

மருமகள் வந்தாள். வீடு கலகலப்பாயிற்று. எல்லோரும் ஒவ்வொரு சமயம் மாடிப்படி ஏறி எட்டிப் பார்த்தார்கள். அண்ணன் படியின் உச்சியிலேயே நின்று "பரவால்லையே" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். அண்ணி குனிந்தபடி போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். பரணுக்கு ஏறினால் குனிவது அவளுக்குப் பழக்கம், அதனால் ஏன் குனிந்தோம் என்று யோசிக்கவில்லை. ஜன்னல் காற்று முகத்தில் பட்டதும் அவள் கண்கள் பாதி மூடின. "என்ன சுகம்டி இது!" என்றாள். அந்தக் குரலைக் கேட்டதும் சுண்டு ஜன்னலைப் பாதி சாத்தினாள். அவளுடைய ஒவ்வோர் அறையும் பறிபோவதற்கு முன்னால் யாராவது ஒருவர் இப்படித்தான் புகழ்ந்திருக்கிறார்கள்.

சில வாரம் கழித்து ஒரு விடுமுறை நாள் மத்தியானம், கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது அண்ணி தொண்டையைச் செருமினாள்.

"சுண்டு, உனக்கு முட்டி எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு அண்ணி. உங்க முட்டி?"

"இல்ல, ஏறி எறங்கறியே, பாவமா இருக்கு. இளசுங்க மேல படுத்துக்கட்டுமே. நெட்டைக்கும் வீட்லேருந்தே ஆபீஸ் வேலை, பின்னறைய அவன் ஆபீசா வெச்சுக்கட்டும். உனக்குக் கூடத்துலயே ஒரு கட்டில் போட்டா டிவி பாத்துக்கிட்டே படுத்துக்கலாம்."

அண்ணன் கோப்பை அலமாரியைப் பார்த்தபடி சொன்னார்: "குடும்பம்னா விட்டுக் கொடுத்துத்தான் போகணும். நீ விட்டுக் கொடுக்காதவளா?"

"அப்பா, அத்தை இப்பதானே..." என்று நெட்டை நெளிந்தான். மருமகள் தட்டிலிருந்த பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுண்டு குரலை உயர்த்தவில்லை. "அவன் போய்ப் பாக்கட்டும். அவனுக்குப் பொருந்தினா அவன் எடுத்துக்கட்டும். போடா கண்ணு, போட்டுப் பாரு."

நெட்டை ஏறினான். படிகள் அவன் பாதத்துக்குப் பாதியளவுதான்; நுனிக்காலில் ஏறினான். மேலே பலகை கிறீச்சிட்டது. கீழே எல்லோரும் அண்ணாந்து பார்த்துக் காத்திருந்தார்கள்.

டொம்.

"அம்மா!"

"என்னடா?" என்று அண்ணி எழுந்தாள்.

"ஒண்ணும் இல்ல, தலை..." மறுபடி டொம். இந்தத் தடவை அவன் சொன்ன வார்த்தையை நான் எழுத மாட்டேன்.

அண்ணன் பதறி ஏறினார். அவரும் நடுத்தர உயரம்தான். அவருடைய வழுக்கை உத்தரத்தில் பட்ட சத்தம் கொஞ்சம் வேறு மாதிரி கேட்டது. அண்ணி போனாள். முதல் முறையாக அந்த அறையில் நிமிரப் பார்த்தாள். அவள் கொண்டை உத்தரத்தில் நசுங்கிச் சரிந்து தோளில் விழுந்தது. கடைசியாகச் சுண்டு ஏறி வந்தாள். மூன்று பேரும் முதுகு வளைந்து நிற்க, அவள் மட்டும் நடுவில் நிமிர்ந்து நடந்து போய் ஜன்னலைத் திறந்தாள்.

"மேஸ்திரியைக் கூப்பிடுங்க" என்றார் அண்ணன், தலையைத் தேய்த்துக்கொண்டே.

மேஸ்திரி சாயங்காலமே வந்தார். கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார். அவர் குரல் தாழ ஆரம்பித்ததுமே அண்ணனுக்கு விஷயம் புரிந்திருக்க வேண்டும்.

"இனிமே ஒசரம் பண்றதுன்னா சார், புதுத் தரை, விட்டம், படி எல்லாத்தையும் பிரிக்கணும். கீழ மேல்பலகையையும் எறக்கணும். புதுக் குளியலறைக் குழாயெல்லாம் அதுல ஏத்தித்தான் விட்டிருக்கு, அதுவும் போகும். அப்பவும் தம்பிக்குப் பத்தாது. இல்லன்னா கூரையையே தூக்கணும்." அவர் தொகையைச் சொன்ன குரல் பக்கத்தில் இருந்தவருக்கே கேட்கவில்லை. அண்ணனுக்குக் கேட்டது. அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"அப்ப முன்னாடியே ஒசரமா வெச்சிருக்கலாம்ல? இது என்னய்யா வேலை?"

"நான் சொன்னேன் சார். அக்காதான் போதும்னாங்க."

எல்லோரும் சுண்டுவைப் பார்த்தார்கள்.

"வேணும்னே பண்ணியாடி?" என்றார் அண்ணன்.

"ஆமாண்ணா. வேணும்னேதான்."

அவள் கழுத்து நாடாவின் இரண்டு முனையையும் கையில் பிடித்துக்கொண்டாள்.

"உங்க எல்லாருக்கும் நான்தான் தைக்கறேன். உள்ள துணி விடாம ஒரு நாளாவது வெட்டியிருக்கேனா? உங்க சட்டைய எத்தனை தடவை பிரிச்சு விட்டிருக்கேன் சொல்லுங்க. அண்ணி ரவிக்கை, இவன் பள்ளிக்கூட நிஜார். நாளைக்கு ஆள் பெருப்பாங்க, வளருவாங்கன்னு எல்லாத்துலயும் நாலு விரல் மடிச்சு வெச்சுதான் தைப்பேன். இந்த வீட்ல என்னையும் அப்படித்தான் வெச்சிருந்தீங்க. யாருக்கு எடம் பத்தலையோ, என்னைப் பிரிச்சு விட்டீங்க. நானும் பிரிஞ்சு கொடுத்தேன். இந்த அறைய மட்டும் என் அளவுக்கு வெட்டிட்டேன். உள்ள துணி விடல. யாருக்காகவும் பிரிக்க முடியாது."

"கூடத்துல படுக்கறதுல என்ன கேவலம்?" என்றாள் அண்ணி, சரிந்த கொண்டையைச் சுருட்டிக்கொண்டே.

"ஒரு கேவலமும் இல்ல அண்ணி. நீங்க படுத்துக்கங்க. டிவி பாத்துக்கிட்டே."

முதலில் சிரித்தது மருமகள்தான். பிஸ்கட் புரையேறி, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நெற்றியில் நெல்லிக்காய் அளவு வீக்கத்தோடு நெட்டையும் சேர்ந்துகொண்டான். "விடுங்கப்பா. அங்க நான் நாலு நாள் இருந்தா என் மண்டை சப்பட்டையா போயிடும்" என்றான். மேஸ்திரி சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் சுத்தியலைப் பையில் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார்.

அண்ணன் சிரிக்கவில்லை. இரண்டு நாள் தங்கையோடு பேசவும் இல்லை. அவளும் போய்ப் பேசவில்லை. வழக்கமாக அவள்தான் முதலில் போவாள். இந்தத் தடவை படியேறிப் போய் மெஷினை மிதித்தாள். கூடத்து விளக்கு ஆடவே இல்லை. மேஸ்திரி மரத்தை அவ்வளவு கனமாகப் போட்டிருந்தார்.

சீருடையில் மிஞ்சிய சாம்பல் துணி கொஞ்சம் கிடந்தது. அதை நீளமாக வெட்டி, பஞ்சு அடைத்து, நெருக்கமாகத் தையல் போட்டு, முகட்டு உத்தரம் முழுவதற்கும் ஒரு மெத்தை உறை தைத்தாள். கட்டிக்கொள்ள நாடாக்களும் வைத்தாள். நெட்டை மாலையில் டீ எடுத்துக்கொண்டு மேலே வரும்போதெல்லாம் மறந்துபோய் நிமிர்கிற பிள்ளை, என்ன செய்வது?

அவள் கடைசி நாடாவை முடிந்துகொண்டிருந்தபோது படியில் கனமான காலடி கேட்டது. அண்ணன். உள்ளே வந்ததும் குனிந்துகொண்டார். உத்தரத்தின் மெத்தையை விரலால் அமுக்கிப் பார்த்தார்.

"ஒரு சாணாவது கூட விட்டிருக்கலாம்ல, சுண்டு" என்றார்.

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். கட்டிலில் கிடந்த கத்தரிக்கோலை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

"உக்காருண்ணா. உக்காந்தா எல்லாருக்கும் எடம் இருக்கு."